எஞ்சினை எழுப்ப ஒரு சிறிய பற்றரி

திறப்பைத் திருப்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். மறுபடியும் ‘டிக்’. மூன்றாம் தடவை அதுவும் இல்லை.

2024 டிசம்பர், விடியப்புறம் மூன்று மணி. இலங்கையின் வடமேற்குக் கடலில், இரணைதீவுக்குத் தென்மேற்கே நண்டு வலையை இழுத்து ஏற்றி முடித்து, நங்கூரத்தையும் தூக்கிவிட்டிருந்தோம். வாடை நன்றாக எழும்பியிருந்தது. எங்கள் பக்கத்துக் கடலில் வாடை என்றால் கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. கையை மடித்துக்கொண்டு இருந்தால் அது வள்ளத்தை 1974 இல் இந்தியாவுடன் வகுத்த எல்லைக்கோட்டுப் பக்கம் கொண்டுபோய்விடும். நான் எஞ்சின் பெட்டியைத் திறந்து வயர்களை ஆட்டிக்கொண்டிருக்க, வள்ளத்தின் முன்பக்கமான அணியத்திலிருந்து அப்பா சொன்னார்: “முதலில் நங்கூரத்தைப் போடு மகன். எஞ்சினைப் பிறகு பார்க்கலாம்.”

போட்டோம். பாக்குக்குடா ஆழம் குறைந்த கடல் என்பதால் தப்பினோம். முதலில் இழுபட்டு, பிறகு நங்கூரம் பிடித்தது. ஆனால் அதற்குள் மேலே எரிந்த வெளிச்சமும் மங்கி அணைந்துவிட்டது. இழுவைப் படகுகள் திரிகிற கடலில் விளக்கில்லாமல் நிற்பது என்னவென்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். விடியும்வரை அப்பாவும் நானும் மாறி மாறி ரோச் லைட்டை ஆட்டிக்கொண்டு இருந்தோம்.

வெளிச்சம் வந்ததும் அப்பா பாயை ஏற்றினார். காற்றுக்கு எதிரே இரணைதீவுக்கு ஏற முடியாது. காற்றை இடப்பக்கம் வாங்கிக்கொண்டு தெற்கே விட்டால் விடத்தல்தீவுக் கரை வரும் என்றார். அப்படியே வந்தது. மதியத்துக்கு முன் கரை பிடித்தோம். அங்கே தெரிந்த ஒருவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு, பற்றரியை அவருடைய சார்ஜரில் கொழுவினோம். கொழுவுவதற்கு முன் அதன் முனைகளில் மீற்றரை வைத்துப் பார்த்தேன்: 10.9 வோல்ட். பன்னிரண்டு வோல்ட் பற்றரி ஓய்வில் 11.9 காட்டினாலே வெறுமையாகிவிட்டது என்று பொருள்.

ஒரு சிறிய டீசல் எஞ்சினை எழுப்புகிற பற்றரியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். பாய் வள்ளத்தில் சிறிய எஞ்சின் பூட்ட நினைக்கும் பொடியன்கள் இப்போது அடிக்கடி என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை முழுவதுமாக எழுதி வைக்கிறேன்.

நாங்கள் பாய்க்குத் திரும்பிய காரணத்தைச் சொல்லாமல் பற்றரிக்கதை விளங்காது. 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. வெளியிணைப்பு எஞ்சினில் போய் நண்டு பிடித்து வந்தால் எண்ணெய்க்கே சரி. அப்பா தொண்ணூறுகளில், போரால் வந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் பாயில் தொழில் செய்தவர். அப்போது வன்னிக்குள் எரிபொருளும் வராது, பற்றரியும் வராது. வானொலியைச் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் கேட்டோம். 1992 இல் இரணைதீவை விட்டு வெளியேறி, இரணைமாதா நகரில் இருந்து, 2018 ஏப்ரலில் வள்ளங்களில் ஏறித் தீவுக்குத் திரும்பிய சனங்கள் நாங்கள். அப்பா பாயைத் தைக்கத் தொடங்கியபோது ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பாய் மட்டும் போதாது. காற்று விழுந்தால் வீடு வர ஒரு எஞ்சின் வேண்டும். 2023 தொடக்கத்தில் பழைய உள்ளிணைப்பு டீசல் எஞ்சின் ஒன்று கிடைத்தது. ஒரு சிலிண்டர், ஒன்பது குதிரைவலு. அரை நாள் போனாலும் எண்ணெய் கணக்காகத்தான் குடிக்கும். லான்ட்மாஸ்டர் என்கிற இரு சக்கர உழவு இயந்திரத்தின் எஞ்சினைப்போல் கையால் சுற்றவும் ஒரு கைபிடி இருந்தது. ஆனால் எங்கள் இருபத்திரண்டு அடி வள்ளத்தில் எஞ்சின் பெட்டி ஒடுக்கம். கைபிடியைக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப இடமில்லை. ஆகவே எல்லாம் ஸ்டார்ட்டர் மோட்டாரின் கையில், அதாவது பற்றரியின் கையில்.

முதலில் வைத்தது கார்களில் பூட்டுகிற என்எஸ் 60 வகை. நல்ல பலமான பற்றரிதான். நீளம் 24 சென்ரிமீற்றர் அளவு என்பதால் எஞ்சின் பெட்டிக்குள் போகவில்லை. பின்பலகைக்கு அருகே ஒரு பெட்டி அடித்து வைத்தோம். பாய் பிடித்து வள்ளம் சரிந்து ஓடும்போது மூடி வழியே அமிலம் கசிந்தது. மேலே உப்புத்தண்ணீர், உள்ளே அமிலம். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்தது. ஒரு வருடத்தில் அதன் கதை முடிந்தது. அமிலம் திரவமாக நிற்கிற பற்றரி தரையில் ஓடுகிற வாகனத்துக்குச் சரி. சரிந்து ஓடுகிற வள்ளத்துக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு.

இரண்டாவதாக வாங்கியது, கணினிகளுக்கு மின்தடை நேரத்தில் மின் கொடுக்கும் யூபிஎஸ் பெட்டிகளுக்குள் இருக்கும் 18 அம்பியர் மணித்தியால மூடிய பற்றரி. கைக்கு அடக்கமானது, எஞ்சின் பெட்டிக்குள் அழகாக அமர்ந்தது. பத்து மாதம் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி எஞ்சினை எழுப்பியது. அதுதான் அந்த மார்கழி இரவில் கைவிட்ட பற்றரி.

விடத்தல்தீவிலிருந்தே நோர்வேயில் இருக்கும் மச்சானுக்கு அழைத்தேன். அவனிடம் ஒரு சிறிய பாய்ப்படகு இருக்கிறது. அதிலும் இதைப்போல் ஒரு சிறிய டீசல் எஞ்சின். “பற்றரி ஏமாற்றிவிட்டது மச்சான்” என்றேன். அவன் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “அந்தப் பற்றரியில் வேறு என்னென்ன கொழுவியிருக்கிறாய்?” என்று கேட்டான்.

மேலே எரிகிற எல்ஈடி விளக்கு. கார்த்திகையில் புதிதாகப் பூட்டிய ஜிபிஎஸ். இரண்டு போன்கள். “எல்லாவற்றையும் அம்பியரில் எழுதி, மணித்தியாலத்தால் பெருக்கு” என்றான். ஒரு பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். விளக்கு 10 வாட், அதாவது 0.8 அம்பியர். ஜிபிஎஸ் 0.7. போன்கள் இரண்டும் சேர்ந்து 0.8. மொத்தம் 2.3 அம்பியர். எட்டு மணித்தியாலம் எரிந்தது. 18.4 அம்பியர் மணித்தியாலம். பற்றரியே 18தான்.

பிறகு, “ஸ்டார்ட் எடுக்க எவ்வளவு போகும், அதையும் எழுது” என்றான். அன்றைக்கு எனக்கு அளவு தெரியாது, பின்னர்தான் அளந்தேன். எங்கள் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு கிலோவாட் வகை. முதல் உதறலில் 250 அம்பியருக்கு மேல் இழுக்கிறது, சுற்றத் தொடங்கியதும் 150 அளவில் நிற்கிறது. ஐந்து செக்கன் சுற்றினால் 750 அம்பியர் செக்கன். ஒரு மணித்தியாலத்துக்கு 3600 செக்கன் என்று வகுத்தால் 0.2 அம்பியர் மணித்தியாலம். ஒரு இரவு விளக்கும் போனும் ஜிபிஎஸும் குடித்த மின்னில் அந்த எஞ்சினைத் தொண்ணூறு தடவை எழுப்பியிருக்கலாம்.

இந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வருடமாகப் ‘பெரிய பற்றரியா, சின்னப் பற்றரியா’ என்று கடை கடையாகக் கேட்டிருக்கிறேன். அந்தப் பற்றரி என்னென்ன வேலை செய்யப்போகிறது என்று ஒரு கடைக்காரரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எஞ்சினை எழுப்புவது மட்டுமே வேலை என்றால் மிகச் சிறிய பற்றரி போதும். ஓரிரண்டு செக்கனுக்கு நிறைய மின்னோட்டம் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். எஞ்சின் ஓடத் தொடங்கிச் சில நிமிடத்தில் ஓல்டனேற்றர் அதைத் திரும்ப நிரப்பிவிடும். விடியவிடிய விளக்கெரிக்க வேண்டுமானால் அது வேறு சாதிப் பற்றரி. எழுப்புகிற பற்றரிக்குள் மெல்லிய ஈயத்தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும்; பரப்பு கூடுதல், ஆகவே ஒரே மூச்சில் கொட்டும். அடிமட்டம் வரை வெறுமையாக்கினால் அந்தத் தகடுகள் விரைவில் கெட்டுப்போகும். விளக்குப் பற்றரிக்குத் தடித்த தகடுகள். மெதுவாகக் கொடுக்கும், ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்கும்.

மச்சான் ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொன்னான். “அம்பியர் மணித்தியாலத்தைப் பார்க்காதே, சிசிஏ எண்ணைப் பார். நானூறுக்குக் குறைய வாங்காதே.” சிசிஏ என்பது குளிரில் எஞ்சினை எழுப்பும் திறன். நன்றாக நிரம்பிய பற்றரியைச் சுழியத்துக்குக் கீழே 18 பாகைக்குக் குளிர்வித்து, 30 செக்கன் மின்னெடுக்கும்போது 7.2 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் எத்தனை அம்பியர் தருகிறது என்பதுதான் அந்த எண். எதைப் பார்க்கவேண்டும் என்று அவன் சொன்னது சரி. நானூறு என்பது அவனுடைய ஊருக்குச் சரி. அங்கே உறைகிற குளிரில் எஞ்சின் எண்ணெய் பாகாக இறுகும், பற்றரியின் வேதிமாற்றமும் மந்தமாகும். எங்கள் கடலில் மார்கழி விடியப்புறம்கூட 22, 23 பாகைக்குக் கீழே போவது அரிது. அதே பற்றரி இங்கே அந்த எண்ணைவிடத் தாராளமாகக் கொடுக்கும். 250, 270 சிசிஏ எங்கள் ஒரு சிலிண்டருக்குப் போதும் என்று நான் வாதாடினேன். ஒரு கிழமை கழித்து அவனும் ஒத்துக்கொண்டான்.

ஆனால் வெப்பத்துக்கு ஒரு விலை இருக்கிறது. வெப்பநிலை எட்டுப் பத்துப் பாகை கூடினால் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். எஞ்சின் பெட்டிக்குள் ஒரு வெப்பமானியைக் கட்டிவிட்டு ஓடிப் பார்த்தேன்: 51 பாகை. இரண்டாவது பற்றரியைப் ‘பெட்டிக்குள் அழகாக அமர்ந்தது’ என்று சந்தோஷப்பட்ட இடம், பற்றரியை அவிக்கிற இடம். சார்ஜ் ஏற்றும் வோல்ட் அளவுகளும் 25 பாகையை வைத்தே சொல்லப்படுகின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.02 வோல்ட் குறைத்து ஏற்றவேண்டும். சாதாரண ஓல்டனேற்றருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. சூட்டில் இருக்கிற மூடிய பற்றரிக்குள் அளவுக்கு மீறி மின்னேற்றினால் உள்ளிருக்கும் ஈரம் வற்றும். மேலே திறந்து தண்ணீர் விடவும் முடியாது. எனவே பற்றரியைத் தடுப்புப் பலகைக்கு மறுபக்கம், இருக்கைப் பலகைக்குக் கீழே கொண்டுவந்தேன். ஸ்டார்ட்டருக்கு அங்கிருந்து முழங்கை நீள வயர்தான் கூடியது. அங்கே 34 பாகைக்கு மேல் நான் பார்த்ததில்லை.

இருக்கைக்குக் கீழே கிடைத்த இடம் நீளம் 22, அகலம் 14, உயரம் 21 சென்ரிமீற்றர். அந்த அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டி செய்து கையோடு கொண்டுபோனேன். இதை எல்லோருக்கும் சொல்கிறேன்: அளவை நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகவேண்டாம். கிளிநொச்சிக் கடையில் எடுத்துத் தந்தது சிறிய கார்களுக்குப் பூட்டும் என்எஸ் 40 இசட்எல். புதிய முறையில் 36 பி 20 எல் என்று எழுதியிருக்கும். அந்த எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. 36 என்பது திறன் தரம், பி என்பது அகல உயர வகுப்பு, 20 என்பது சென்ரிமீற்றரில் நீளம், கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது. பக்கம் மாறினால் குட்டை வயர் எட்டாது. “உயரம் இருபதுதான் அண்ணை, போகும்” என்றார் கடைத்தம்பி. பெட்டியின் உடல் இருபது. முனைகளையும் சேர்த்தால் 22.7. அட்டைப்பெட்டிக்குள் வைத்தபோது முனைகள் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. எங்கள் இருக்கைப் பலகையின் அடியில் அலுமினியச் சட்டம் ஓடுகிறது. அப்பா ஒருநாள் அதில் பாரமாக உட்கார்ந்திருந்தால் இரண்டு முனையும் சட்டத்தில் முட்டித் தீப்பொறி பறந்திருக்கும். முனை, அதற்கு மேலே கவ்வி, அதற்கு மேலே ரப்பர் மூடி, எல்லாவற்றையும் சேர்த்ததுதான் உயரம்.

முனையின் பருமனையும் பாருங்கள். 40 இசட்எல் வகையில் மெல்லிய முனை உள்ளதும் உண்டு, தடித்த முனை உள்ளதும் உண்டு. தடித்த முனைக்குரிய கவ்வியை மெல்லிய முனையில் போட்டு, தகரத்துண்டு செருகி இறுக்கி ஓடுகிற வள்ளங்களை நான் பார்த்திருக்கிறேன். அலையில் அடிபட்டு அது இளகாமல் இருக்காது.

கடைசியில் நான் வாங்கியது பெரிய மோட்டார்ச் சைக்கிள்களுக்கும் நீர்ச்சறுக்கு ஸ்கூட்டர்களுக்கும் போடுகிற ஒய்டிஎக்ஸ் 20 எல் - பிஎஸ் வகை. நீளம் 17.5, அகலம் 8.7, உயரம் 15.5 சென்ரிமீற்றர். 18 அம்பியர் மணித்தியாலம், 270 சிசிஏ. ஏஜிஎம் வகை, அதாவது கண்ணாடி நாரால் செய்த விரிப்பு அமிலத்தை உறிஞ்சிப் பிடித்திருக்கும். வள்ளம் எவ்வளவு சரிந்தாலும் கொட்டாது. அலை அடித்துக் குலுக்கினாலும் தகடுகள் விரிப்புக்குள் இறுகி நிற்பதால் உதிர்வது குறைவு. முனைகள் போல்ட் போட்டு இறுக்குபவை. வயர் நுனியில் வளையம் வைத்து நேரே முடுக்கலாம்.

என்னைக் கைவிட்டதும் 18, இதுவும் 18 என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. யூபிஎஸ் பற்றரியின் 18 இருபது மணித்தியாலம் மெதுவாக எடுத்து அளந்தது, மோட்டார்ச் சைக்கிள் பற்றரியின் 18 பத்து மணித்தியாலத்தில் எடுத்து அளந்தது. முன்னது சும்மா நிறைந்து காத்திருந்து எப்போதாவது கொடுப்பதற்குச் செய்தது, பின்னது தினமும் உதறி எழுப்புவதற்குச் செய்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும்: அந்த இரவில் இந்தப் புதிய பற்றரி இருந்திருந்தாலும் விளக்கும் ஜிபிஎஸும் அதையும் குடித்து முடித்திருக்கும்.

கடையில் இன்னொன்று செய்தேன். நண்டு நிறுக்கும் தராசைப் பையில் கொண்டுபோயிருந்தேன். ஒரே படம் அச்சடித்த இரண்டு பற்றரிகள், விலையில் பெரிய வித்தியாசம். மலிவானதைத் தூக்கி நிறுத்தேன்: நாலரைக் கிலோ. மற்றது ஆறு கிலோவைத் தாண்டியது. உள்ளே ஈயம் குறைந்தால் தகடும் குறைவு. பெட்டியில் எந்த எண்ணையும் அச்சடிக்கலாம், நிறையை அச்சடிக்க முடியாது. கடைத்தம்பி முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அவரே ஆவலாக வேறு சிலவற்றையும் எடுத்து நிறுத்துப் பார்த்தார்.

பெயரின் முடிவில் வரும் பிஎஸ் என்பதற்குப் பொருள், அமிலப் போத்தல் தனியே கூட வரும் என்பது. நிரப்பாமல் அடைத்து வைத்திருப்பதால் கடையில் நெடுநாள் கிடந்தாலும் கெடாது, அது நல்லது. ஆனால் ‘ஊற்றியாயிற்று, கொண்டுபோய்ப் பூட்டுங்கள்’ என்று உடனே தரும்போது வாங்கிக்கொண்டு ஓடக்கூடாது. போத்தலில் உள்ள முழுவதையும் விடவேண்டும், அரை மணித்தியாலத்துக்கு மேல் ஊறவிடவேண்டும், பிறகு மூடியை அழுத்தி அடைத்து, மெதுவான சார்ஜரில் முழுக்க ஏற்றவேண்டும். அமிலம் விட்டவுடன் அது முழுதாக நிரம்பியிருக்காது. முதல் தடவை முழுமையாக நிரம்பாத பற்றரி பிறகு எந்நாளும் அந்தக் குறையோடுதான் இருக்கும். ஏற்கெனவே நிரப்பி விற்கிற பற்றரி என்றால் கடையிலேயே மீற்றர் வைத்துப் பாருங்கள். 12.6க்குக் கீழே காட்டினால் அது அங்கே நெடுநாள் கிடந்திருக்கிறது.

வீட்டில் கொண்டுவந்து பூட்டிய முதல் நாள் எனக்கு ஏமாற்றம்தான். எஞ்சின் எழும்பியது, ஆனால் சோம்பலாகச் சுற்றியது. பற்றரி மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று நம்பியிருந்தேன். மச்சான் சொன்னபடி, அப்பா திறப்பைத் திருப்ப, நான் மீற்றரைப் பிடித்தேன். சுற்றும்போது பற்றரி முனையில் 11 வோல்ட். ஸ்டார்ட்டர் முனையில் 8.9. நடுவிலே இரண்டு வோல்ட்டைக் காணவில்லை! பழைய வயர் கைவிரலின் பாதிப் பருமன். உறையை வெட்டிப் பார்த்தபோது உள்ளே செம்பு கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. வளையங்களைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கிப் பிடிக்க வைத்திருந்தார்கள். அவற்றுக்குள்ளும் பச்சை.

வெல்டிங் வேலைக்குப் பயன்படும் 35 சதுர மில்லிமீற்றர் வயரை வாங்கினேன். மெல்லிய செம்பு நூல்கள் நிறைய உள்ளது. அலையில் ஆடினாலும் முறியாது. வளையங்களை அழுத்தியால் அமுக்கி, சூட்டில் சுருங்கும் உறை போட்டு, முனைகளில் வஸ்லின் பூசினேன். நிலமுனை (கழித்தல் முனை) வயரைப் பெயின்ட் சுரண்டி எஞ்சின் உடலிலேயே முடுக்கினேன். இப்போது போகிற வழியில் தொலைவது அரை வோல்ட்டுக்கும் குறைவு. எஞ்சின் ஒரு உறுமலில் எழும்பியது. இரண்டாவது பற்றரிக்கும் இந்த வயரால்தான் பாதி வேதனை என்று நினைக்கிறேன். ஆகவே வள்ளத்துக்குச் சிறிய பற்றரி வாங்கப்போகிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன் வயரை வெட்டிப் பாருங்கள்.

நேரோட்டம் அளக்கும் கவ்வி மீற்றர் கேட்டு வாங்குங்கள். வீட்டு மின்சாரம் அளக்கும் சாதாரணக் கவ்வி மீற்றர் பற்றரி வயரில் பூச்சியம்தான் காட்டும். ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். நாங்கள் சங்கத்துக்காக ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.

ஒரு சிலிண்டர் எஞ்சின் வைத்திருப்பவர்கள் அமுக்கம் தளர்த்தும் நெம்பைத் துருப்பிடிக்க விட்டிருப்பார்கள். அதற்கு எண்ணெய் விட்டு இளக்குங்கள். நெம்பைத் தூக்கிக்கொண்டு திறப்பைத் திருப்பினால் எஞ்சின் பாரமில்லாமல் சுற்றும்; வேகம் பிடித்ததும் நெம்பை விட்டால் எழும்பும். பற்றரி பாதி தளர்ந்த நாளிலும் இதனால் வீடு வரலாம்.

விளக்கும் ஜிபிஎஸும் போனும் இப்போது அணியத்தில் தனியாக இருக்கும் ஒரு சோலர் பற்றரியில் ஓடுகின்றன. 35 அம்பியர் மணித்தியாலம், மேலே ஒரு சிறிய சோலர் தகடு. ஒரு இரவுக்குப் பாதிதான் இறங்கும், அடுத்த நாள் வெயிலில் ஏறிவிடும். இரண்டு பற்றரிகளையும் இணைக்கிற சுவிட்ச் ஒன்று பூட்டலாம் என்று கடையில் சொன்னார்கள். பல பாய்ப்படகுகளில் அது இருக்கிறது. நான் பூட்டவில்லை. இரவில் தூக்கக் கலக்கத்தில் யாராவது அதைத் திருப்பிவிட்டு மறந்தால் திரும்பவும் அதே மார்கழிதான். அவசரத்துக்கு இரண்டு பக்கமும் கவ்வி உள்ள ஒரு தடித்த வயரைச் சுருட்டி, உறைக்குள் போட்டு, இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறேன். விளக்குப் பற்றரியிலிருந்து எஞ்சினை எழுப்பவேண்டி வந்தால் கையால் கொழுவவேண்டும்.

லிதியம் பற்றரியைப் பற்றியும் கேட்கிறார்கள். அதே வேலையைச் செய்வது இரண்டு மூன்று கிலோ நிறையில் வரும். எனக்கு ஆசைதான். ஆனால் எங்கள் பழைய ஓல்டனேற்றர் அதற்கென்று செய்யப்பட்டதல்ல. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது லிதியம் பற்றரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று துண்டித்துக்கொண்டால் ஓல்டனேற்றரின் டயோடுகள் போய்விடும். விலையும் பல மடங்கு. பழுதானால் இங்கே திறந்து பார்க்க ஆளில்லை. ஈயப் பற்றரியின் நோயை மணத்தாலும் மீற்றராலும் நாங்களே கண்டுபிடிப்போம். இப்போதைக்கு எனக்கு ஈயமே போதும்.

பழுதான பற்றரியை என்ன செய்வது என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். தடைக்காலத்தில் நாங்கள் பழைய பற்றரியை உடைத்து, ஈயத்தை அடுப்பில் உருக்கி, வலைக்குக் குண்டு வார்த்தோம். பிள்ளைகள் நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். அந்தப் புகை எவ்வளவு கெடுதல் என்று யாரும் சொல்லித்தர இருக்கவில்லை. ஈயப் புகையும் தூசியும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். இன்றைக்கும் மீன்பிடி வாடிகளுக்குப் பின்னால் இது நடக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். பழைய பற்றரியைக் கடையில் கொடுத்தால் புதியதில் விலை கழிப்பார்கள். உடைத்து உருக்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிற நோயைவிட அந்த விலைக்கழிவு எவ்வளவோ மேல்.

பற்றரியின் அடியில் ரப்பர் விரிப்பு, மேலே ஒரு பட்டி. கழற்றும்போது முதலில் நிலமுனை, பூட்டும்போது கடைசியில் நிலமுனை. மாதத்துக்கு ஒருமுறை முனைகளைத் துடைத்து வஸ்லின். பராமரிப்பு என்று இதற்கு மேல் நான் எதுவும் செய்வதில்லை.

ஆனால் கொப்பியை விடவில்லை. அன்றைக்கு விடத்தல்தீவில் கணக்கெழுதிய அதே கொப்பி. ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குப் போவதற்கு முன் வள்ளத்துக்குப் போய் இரண்டு எண்களை எழுதுகிறேன். எஞ்சின் ஓடாமல் ஒரு இரவு கிடந்தபின் பற்றரி காட்டும் வோல்ட். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது இறங்கும் வோல்ட். பூட்டிய மாதம் 12.84உம் 11உம். ஒரு வருடம் கழித்து 12.78உம் 10.8உம். இரண்டாவது எண் மெதுவாக இறங்கும், ஒருநாள், பற்றரி தளர்ந்துவிட்டது என்று காட்டும் 9.6ஐத் தொடும். அதற்கு முதல் வருகிற ஐப்பசியிலேயே புதிய பற்றரி வாங்கிவிடுவது என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். வாடை தொடங்கிய பிறகு அதைச் சோதித்துப் பார்க்க இருவருக்கும் விருப்பமில்லை.